பிள்ளை மக்கு இல்லை, பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை



இந்தப் பத்திரிகையில் சம்பளத்தைப் பற்றி எழுதாத மாதம் கிடையாது. வீடு, காணி, கொழுந்து நிறுவையில் கழிக்கிற கிலோ, ஊழியர் சேமலாப நிதி என்று நாம் பேசுகிறதெல்லாம் நமது உரிமை. அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம். தரம் மூன்றிலும் நான்கிலும் இருக்கிற நமது பிள்ளைகளில் பலரால் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடியவில்லை. இதைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. இது சங்கத்தின் வேலை. ஏன் என்றும், எப்படி என்றும் சொல்கிறோம்.

பேனரில் இல்லாத பிள்ளைகள்

ஒவ்வொரு வருடமும் தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் தோட்டத்துச் சந்தியில் பேனர் ஏறுகிறது. சித்தியடைந்த பிள்ளைக்கு மாலை போடுகிறார்கள், தலைவர்மார் கையால் பரிசு கொடுக்கிறார்கள், முகநூலில் படம் வருகிறது. அந்தப் பிள்ளை பாடுபட்டுப் பெற்ற வெற்றி அது, வாழ்த்துகிறோம். ஆனால் அதே வகுப்பில், கடைசி வாங்கில், வினாத்தாளில் என்ன கேட்டிருக்கிறது என்றே வாசிக்க முடியாமல் மணி அடிக்கும்வரை உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேனர் இல்லை. எந்தக் கூட்டத்திலும் அவர்களைப் பற்றிப் பேச்சும் இல்லை.

ரியூசன் இருக்கிறதே என்பார்கள். அங்கே கடந்தகால வினாத்தாள்தான் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வினாத்தாள் கொடுப்பது, கத்தி பிடிக்கத் தெரியாதவனைக் கவ்வாத்து மலைக்கு அனுப்புவது போன்றது. காசு போகும், காயமும் வரும்.

இந்தப் பிள்ளை வருடா வருடம் வகுப்பேறிப் போகும். தரம் ஆறுக்கு வந்ததும் வரலாறு, விஞ்ஞானம், சமயம் எல்லாம் வாசித்துத்தான் படிக்க வேண்டும். அங்கே வாய் மூடி உட்காரும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வராது. பிறகு வரவே வராது. 16 வயதுவரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேடி வருகிற தரகன் சட்டப் புத்தகத்தோடு வருவதில்லை. ‘படிப்பு ஏறாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?’ என்றுதான் முதலில் விசாரிக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிற அந்த விலாசம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

பழி யார் மேல்?

‘மக்கு’ என்ற சொல் மிகவும் வசதியான சொல். அதைச் சொன்னதும் எல்லாருடைய பொறுப்பும் முடிந்துவிடுகிறது. பிள்ளையின் தலையில்தான் கோளாறு, வேறு எங்கும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அடுத்த வசதியான சொல் ‘பெற்றோரின் அக்கறையின்மை’. பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தவணையும் அதே அறிவுரைதான்: வீட்டில் படிக்க வையுங்கள்.

யார் படிக்க வைப்பது? விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலைக்குப் போய், கிலோ குறைந்தால் அரைப் பேர் என்ற பயத்தோடு நாள் முழுவதும் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டுகிற தாய்தான் படிக்க வைக்க வேண்டுமாம். அவளுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்தக் கூடையைத் தலையில் மாட்டிப் பார்க்கட்டும்.

நமது பாட்டிமார் கைநாட்டு வைத்ததும் அவர்கள் குற்றம் இல்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டுக்கே பெருமை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த இலவசக் கல்வி தோட்டத்து வாசலோடு நின்றுபோனது. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், கூடிப்போனால் தரம் ஐந்து. 1948இல் பிரஜாவுரிமையையும் பறித்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். மற்றப் பிள்ளைகள் ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை கழிந்த பிறகு நம்மை ஓடுபாதைக்கு விட்டார்கள். இப்போது ‘ஏன் பின்னால் வருகிறாய்?’ என்று கேட்கிறார்கள்.

அண்மைய கதையும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். நமது பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள். அதுவும் கைத்தொலைபேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும். 2022இல் எரிபொருள் இல்லை என்று மறுபடியும் மூடினார்கள். எழுத்துக்கூட்டிப் பழக வேண்டிய வயதில் இந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பாடசாலை திறந்ததும் அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.

ஆசிரியர்கள் மேல் பழியைத் திருப்புவதும் சரியில்லை. எங்களில் சிலர் பகலில் அந்த வகுப்பில் நிற்கிறவர்கள்தான். கணக்கைப் பாருங்கள். 40 நிமிடப் பாடம், வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வேறு எதுவும் செய்யாமல் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் ஒரு பிள்ளைக்கு 80 விநாடிதான் கிடைக்கும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற பாடசாலையில் அதுவும் கிடையாது. இடைவெளியை நிரப்ப அரசு என்ன செய்தது? 2015இல் மலையக இளைஞர் யுவதிகளை ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்து, மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் வகுப்புக்கு அனுப்பியது. ஆசிரியர் வேலை முழுதாக வாங்கினார்கள், சம்பளம் மட்டும் இல்லை.

எங்கே சிக்குகிறது?

பிள்ளைக்கு வாசிப்பு எங்கே சிக்குகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் கண்டுபிடிக்கலாம். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது எல்லாரும் வாசிப்பது போலத்தான் கேட்கும்.

முதலாவது, பாடமாக்கிய வாசிப்பு. எங்கள் வாசிப்பு மேசைக்கு வந்த தரம் நான்கு மாணவன் ஒருவன் பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னான். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். அந்தச் சொல் வருகிற இடத்தில் நிறுத்தினான். மூன்று வருடமாக அவன் வாசிக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

இரண்டாவது, குறிகள். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். 12 உயிர், 18 மெய், அவற்றோடு சேருகிற குறிகள் ஆகியவை பிடிபட்டால் மிச்சம் தானாக வரும். ஆனால் ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்பவற்றில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. ‘கு’, ‘சு’, ‘து’ ஒவ்வொன்றிலும் அதே ஓசைக்கு வேறு வேறு வடிவம். போதாததற்கு ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. வரிசையாகப் பாட்டுப் போலச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தனியாக ஓர் எழுத்தைக் காட்டினால் தெரியாமல் போவது இதனால்தான்.

மூன்றாவது, வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும். வீட்டில் ‘போய்க்கிட்டு இருந்தான்’ என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் ‘போய்க்கொண்டிருந்தான்’ என்ற நீண்ட சொல்லைப் பார்த்து மிரள்கிறது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. ‘போய் - கொண்டு - இருந்தான்’ என்று பிரித்துக் காட்டி, ‘நீ வீட்டில் சொல்கிறாயே, அதுதான் இது’ என்று சொன்னால் முகம் மலர்கிறது. கொழுந்து, மிலாறு, அட்டை, லயம், பீலி என்று அது பிறந்ததிலிருந்து கேட்ட சொற்களை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சொற்களைத் தேடித் தேடி வாசிக்கும்.

நான்காவது, வெட்கம். 30 பேர் முன்னால் தடுமாறுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது குரலை இறக்குகிறது, பிறகு வாயையே திறப்பதில்லை. ஒருவர் முன்னால் மட்டும் தடுமாறினால் சிரிக்க ஆளில்லை. அந்தத் துணிச்சல் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இருபது நிமிடம்

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்கு மட்டும். நாம் மேலே போட்ட கணக்கின்படி வகுப்பில் வாரம் முழுவதற்கும் கிடைப்பது ஏழு நிமிடம்கூட இல்லை.

முதல் ஐந்து நிமிடம், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சிறு கதையை வாசிக்கட்டும். முடியும் என்ற தைரியத்தோடு ஆரம்பிக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் புதிய பகுதி. சொல்லில் சிக்கினால் உடனே சொல்லிக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பிறகு முதல் எழுத்தைக் காட்டுங்கள், சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். அல்லது அதன் வாயால் சொன்ன ஒரு வசனத்தை அதன் கையாலேயே எழுதட்டும். எந்தச் சொல்லில், எந்தக் குறியில் சிக்கியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த நாள் அங்கிருந்து தொடங்கலாம். அடி இல்லை, திட்டு இல்லை, மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவது இல்லை.

பிள்ளை புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கண்ணும் காதும் சரியில்லாத பிள்ளையை மக்கு என்று அடித்துக்கொண்டிருக்கிற கொடுமையும் நடக்கிறது.

இது வெறும் ஆசை இல்லை. நியூசிலாந்தில் 1970களில் மேரி கிளே என்ற அறிஞர், முதல் வருடத்தில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாளுக்கு அரை மணித்தியாலம், ஆளுக்கு ஓர் ஆசிரியர் என்று தொடங்கிய முறை பல நாடுகளுக்குப் பரவியது. அந்த மாணவனின் கதையும் அதுதான். இரண்டு தவணைக்குப் பிறகு, தோட்ட அலுவலகப் பலகையில் தண்ணீர்த் தாங்கி கழுவுவதால் வியாழக்கிழமை தண்ணீர் வராது என்று ஒட்டியிருந்ததை அவன் நின்று வாசித்து, லயத்துக்கு ஓடிவந்து எல்லாரிடமும் சொன்னான். அன்று லயத்துப் பெண்கள் குடம் குடமாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

யார் உட்காருவது?

தோட்டத்தில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் இருக்கிறார்கள். மாதர் சங்கத்தில் வாசிக்கத் தெரிந்த அக்காமார் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்தால், ஒருவர் ஒரு மாலையில் மூன்று பிள்ளைகளைப் பார்த்தால், ஒரு தவணையில் 12 பிள்ளைகள். ஒருவருக்கு வாரம் மூன்று மணித்தியால வேலை.

எழுத்துத் தெரியாத அம்மாயிக்கும் வேலை இருக்கிறது. அவருக்குக் கேட்கத் தெரியும். பிள்ளை வாசித்துக் காட்டும்போது பக்கத்தில் இருந்து ‘பிறகு என்ன ஆச்சு?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விளங்காமல் வாசித்திருந்தால் பிள்ளைக்கே அப்போது தெரிந்துவிடும்.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. தனித்தனியாகக் கற்பிப்பது என்றால் தனி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கற்பிப்பது இல்லை. திறந்த மண்டபத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கும்போதுதான் வாசிப்பு மேசை நடக்க வேண்டும். தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

இரண்டு கேள்விக்குப் பதில்

‘அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளாதா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நமது பெண்கள் தாங்கள் எடுத்த கொழுந்தின் கிலோவைச் சொந்தக் கொப்பியில் எழுதி வைப்பதால் நிர்வாகம் தப்பித்ததா? சம்பள நாளில் ‘கிலோ குறைகிறதே’ என்று கேட்க அந்தக் கொப்பிதான் கை கொடுத்தது. வாசிப்புக் கொப்பியும் அப்படித்தான். எந்தப் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறார்கள் என்ற கணக்கோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவோம். வெறுங்கையோடு போனால் ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்ற பதில்தான் வரும்.

அத்தோடு, அரசு ஒழுங்காக வரும்வரை பிள்ளை காத்திருக்காது. தரம் மூன்று ஒரு தடவைதான் வரும்.

‘சங்கத்துக்கு இது எதற்கு? சம்பளத்தைப் பாருங்கள்’ என்கிறார்கள் வேறு சிலர். நுண்கடன் காரன் நீட்டிய கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒப்பம் வைத்த பெண்கள் எத்தனை பேர்? சேமலாப நிதிப் பத்திரத்தில் பெயர் ஓர் எழுத்துப் பிழைத்ததால் அலைந்தவர்கள் எத்தனை பேர்? வெளிநாட்டு முகவர் காட்டிய ஒப்பந்தத்தை வாசிக்காமல் விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர்? வாசிக்கத் தெரியாதவனை ஏமாற்றத் தனியாகத் திட்டம் தேவையில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021வரை வருடக்கணக்காகப் போராடினோம். கூடிய அந்தச் சம்பளத்தைச் சீட்டில் பார்த்துச் சரியா பிழையா என்று சொல்ல அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. மலையக ஆரம்பப் பாடசாலைகளில் ஆசிரியர் வெற்றிடங்களைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு, முழுச் சம்பளத்தோடு நிரப்ப வேண்டும். கொடுப்பனவுக்கு ஆள் பிடிப்பது வேண்டாம்.

2. தரம் இரண்டு முடிவிலும் தரம் மூன்று முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும். அது இடம் போடுவதற்கான பரீட்சையாக இருக்கக் கூடாது. பின்தங்கிய பிள்ளைக்கு உடனே தனி உதவி தர வேண்டும்.

3. தோட்ட நிர்வாகம் சனசமூக மண்டபத்தை மாலை வேளையில் வாசிப்புக்குத் திறந்துவிட வேண்டும். மின்விளக்கும் மேசையும் தர வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைப்போம்.

4. தவணைக்கு ஒரு நாள் பெற்றோர் பாடசாலைக்குப் போக வேண்டும். அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும்.

5. வாசிக்க உதவுகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பனவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ குழு வகுப்புதான். ஆனாலும் தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 இந்திய ரூபா ஊக்கத்தொகை கொடுத்தார்கள். தொகை போதுமா என்பது வேறு பேச்சு. பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்கக் கூடாது என்பதையாவது அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

6. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை கண், காது பரிசோதனை வேண்டும்.

இந்த மாதமே

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். தரம் இரண்டு முதல் ஐந்துவரை வாசிப்புக்கு உதவி தேவையான பிள்ளைகளின் பட்டியலை ஆசிரியரோடும் தாய்மாரோடும் பேசித் தயார் செய்யுங்கள். அந்தப் பட்டியல் கமிட்டிக்குள் இருக்கட்டும், ஊருக்குச் சொல்லிப் பிள்ளையை வெட்கப்படுத்த வேண்டாம். உட்காரக்கூடிய நான்கு பேரைத் தேடுங்கள். பழைய புத்தகங்களை ஒரு பெட்டியில் சேருங்கள். புத்தகம் போதாவிட்டால் பிள்ளைகள் சொல்கிற கதையை நீங்களே எழுதித் தையுங்கள். மண்டபத்தின் திறப்பை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

பெயர்களையும் நேரத்தையும் மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவித்தால், உட்காருகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தர எங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோம். தரகன் விலாசம் விசாரித்து வருவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பிள்ளை வாசிப்பு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.